விழுத்தினவர் பொறுக்கவேணும்

கண்டியில் எல்லாம் கிடைக்கும், சமதரை ஒன்றைத் தவிர. முற்றத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார வேண்டுமென்றால் அதன் ஒரு காலுக்குக் கீழே கல் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆடும். பிள்ளைகள் பந்து விளையாடினால் பந்து அடுத்த தெருவில் போய்ச் சேரும். இப்படிப்பட்ட ஊரில் ஒருவருக்கு ஹெலிகொப்டர் பறக்கவிடும் ஆசை பிடித்தது. அதுவும் ஒரு பெண்ணுக்கு. அதுவும் பல் டொக்டருக்கு.

அவருடைய பெயரைச் சொல்லமாட்டேன். இப்போது எந்த நாட்டிலோ இருக்கிறார். இதை யாராவது வாசித்துக் காட்டினால், "நானா, உங்களுக்குக் கடையிலை வேலை இல்லையோ?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு எனக்கு இன்றைக்கும் பயம். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்பார்கள். அதனால் அவருக்கு நான் நானா, தெருவில் எங்கள் எல்லோருக்கும் அவர் டொக்டர். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

மார்க்கெட்டுக்குப் பின்னாலுள்ள தெருவில் எனக்குச் சைக்கிள் சாமான் கடை. கடைக்கு மேல்மாடியில் அவருடைய பல் டிஸ்பென்சரி. யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்து, படிப்பு முடிந்த பிறகும் திரும்பிப் போகாமல் கண்டியிலேயே தங்கிவிட்டவர். கல்யாணம் செய்யவில்லை. ஏன் என்று கேட்க எங்கள் தெருவில் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. எங்களையெல்லாம் வாயைத் திற என்று அதட்டுகிறவர் முன்னால் அந்த மாதிரிக் கேள்விக்கு யார் வாயைத் திறப்பது?

ஒருநாள் படியிறங்கிக் கடைக்குள் வந்தார்.

"நானா, நல்ல சில்லுக் கம்பி ஒண்டு வேணும். லேசிலை வளையாதது."

"சைக்கிள் வாங்கிட்டீங்களா டொக்டர்?"

"இல்லை. ஹெலிகொப்டருக்கு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என்னை மாடிக்குக் கூட்டிப்போய்ப் பின்னறையைத் திறந்து காட்டினார். மேசைமேல் நிஜமாகவே ஒரு ஹெலிகொப்டர் நின்றது. இங்கிலாந்திலிருக்கும் தம்பி அனுப்பியதாம். ஒரு சின்னப் பிள்ளையின் நீளம் இருக்கும். உள்ளே கைப்பிடிக்குள் அடங்கும் ஓர் எஞ்சின். மேலே மரத்தால் செய்த இரண்டு நீளச் சிறகுகள். பக்கத்தில் இரண்டு குச்சிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு ரேடியோ பெட்டி. அந்தக் குச்சிகளை அசைத்தால் தூரத்தில் நிற்கும் ஹெலிகொப்டர் அசையும். சில்லுக் கம்பி சிறகுக்குக் குறுக்கே பொருத்துவதற்காம்.

எங்கள் தெருவில் வான் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரையும் ஹெலிகொப்டரையும் ஏற்றிக்கொண்டு சமதரை தேடிப் போகும் வேலை என் தலையில் விழுந்தது. என் மனைவி பரீதா முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"நீங்க மட்டும் போற வேல வேணாம். நானும் வாறேன்."

வந்தவள் பெரிய பிளாஸ்க் ஒன்றில் தேத்தண்ணியும் கொண்டுவந்தாள். டொக்டரின் வாழ்க்கையில் அந்த பிளாஸ்குக்கு எவ்வளவு முக்கியமான இடம் கிடைக்கப்போகிறது என்று எங்களில் யாருக்கும் அன்று தெரியாது.

முதல் நாள் அறுவடை முடிந்த ஒரு வயல். ஹெலிகொப்டரின் கால்களுக்குக் கீழே குறுக்காக இரண்டு மூங்கில் கம்புகளைக் கட்டி, நான்கு நுனியிலும் பிங்பொங் பந்துகளைச் செருகியிருந்தார். சாய்ந்தால் தாங்கிக்கொள்ளுமாம். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பெட்டியைக் கையில் எடுத்தார். எஞ்சின் கத்தியது. அதற்கு ஊற்றும் எண்ணெயில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும், வயலெல்லாம் பேதி மருந்து நாறியது. ஹெலிகொப்டர் முழங்கால் உயரத்துக்கு எழும்பியது. இடுப்பளவு. தலையளவு. பரீதா கைதட்டினாள். மெதுவாக அதன் முகம் எங்கள் பக்கம் திரும்பியது. உடனே ஒரு பக்கமாகச் சரிந்து, சிறகு மண்ணில் அடித்து, நொறுங்கி விழுந்தது.

நான் ஓடினேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"நானா, நில்லுங்கோ! ஒண்டையும் தொடாதேங்கோ. முதல்லை தேத்தண்ணி."

வரம்பில் உட்கார்ந்து, ஒரு கோப்பைத் தேத்தண்ணியை அவசரமில்லாமல் குடித்தார். முகத்தில் கவலையுமில்லை, கோபமுமில்லை. எனக்குத்தான் அழுகை வரும்போல இருந்தது. குடித்து முடித்ததும் எழும்பிப் போய், குனிந்து குனிந்து ஒவ்வொரு துண்டாக எடுத்தார். நான் உதவிக்குப் போனபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"இல்லை. விழுத்தினவர்தான் பொறுக்கவேணும். அப்பதான் ஏன் விழுந்தது எண்டு விளங்கும்."

அதுதான் டொக்டரின் சட்டம். முதலில் தேத்தண்ணி. பிறகு, விழுத்தினவரே பொறுக்கவேண்டும், ஒரு திருகாணி குறையாமல். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள், எத்தனையோ வயல்கள், எத்தனையோ பிளாஸ்க் தேத்தண்ணி. ஒரு தடவைகூட அந்த ஹெலிகொப்டர் தன் கால்களில் வந்து இறங்கியதை நாங்கள் காணவில்லை. டொக்டருக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். உயரப் பறக்கவேண்டாம், வட்டமடிக்கவேண்டாம். எழும்பி, நின்று, அந்த நான்கு பந்துகளிலும் மெல்ல வந்து குந்தவேண்டும். அவ்வளவுதான்.

அது விழும் காரணம் எனக்கே மனப்பாடம். வால் நம் பக்கம் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. குச்சியை இடப்பக்கம் தள்ளினால் அது நம் இடப்பக்கம் போகும். காற்றுக்கு அதன் முகம் நம்மை நோக்கித் திரும்பிவிட்டால் அதன் இடது நமக்கு வலது. சாய்வதைத் தடுக்கிறோம் என்று நினைத்துத் தள்ளினால் இன்னும் மோசமாகச் சாயும். அதை யோசித்து முடிக்கும் நேரத்துக்குள் பரீதா பிளாஸ்கைத் திறந்திருப்பாள்.

உடைந்ததையெல்லாம் தன் கையாலேயே ஒட்டினார். சிறகு செய்ய லுணுமிதெல்ல என்ற பாரமில்லாத மரத்தைத் தச்சனிடம் சீவி வாங்குவார். பிளாஸ்டிக் பாகங்கள் வெடித்தால், கட்டுப்பல் செய்யும் பசையைக் குழைத்துப் பூசுவார். அது பல் முரசின், அதாவது ஈறின், நிறத்தில், நல்ல ரோசாவாக இருக்கும். வெள்ளையாக வந்த ஹெலிகொப்டர் வருடத்துக்கு வருடம் ரோசாவாகிக்கொண்டு வந்தது. "டொக்டர், இதுக்கு இனிப் பல்லு மட்டுந்தான் மொளைக்கோணும்" என்று நான் கேலி செய்வேன். "உங்கட வாயிலை கிடக்கிற சூத்தைப் பல்லைவிட அது நல்லா இருக்கும்" என்பார்.

அந்தச் சூத்தைப் பல்லைக் கடைசியில் அவரிடம்தான் போய்ப் பிடுங்கிக்கொண்டேன். கதிரையில் சாய்த்து, எனக்கு நேரே நின்று, குறட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "இடது, கீழ்க் கடைவாய்" என்று தனக்குத்தானே சொன்னார்.

"டொக்டர், உங்கட இடதா என்ட இடதா? சரியா பாத்துச் சொல்லுங்க!"

"இந்தக் கதிரையிலை இருக்கிற ஆளுக்குத்தான் நானா இடதும் வலதும். எனக்கு அதெல்லாம் இல்லை. படிக்கேக்கையே மறந்திட்டன். ஆவெண்டுங்கோ."

சரியான பல்லைத்தான் பிடுங்கினார்.

தெல்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பந்தடிக்கும் மைதானம் இருக்கிறதென்று கேள்விப்பட்டுப் போனோம். மைதானம் நல்ல மைதானம்தான். ஆனால் ஹெலிகொப்டர் மைதானத்தில் விழவில்லை. முகம் திரும்பி, கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி விறுவிறுவென்று போய், கீழேயிருந்த தேயிலை மலைக்குள் விழுந்தது. கூலி கூட்டித் தருகிறார்கள் என்று அந்த ஞாயிறும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் சிதறி ஓடினார்கள். டொக்டர் வழக்கம்போலத் தேத்தண்ணியில் இருந்தார். குடித்து முடிக்குமுன் அந்தப் பெண்கள் கூடையோடு வரிசையாக மேலே ஏறி வந்துவிட்டார்கள்.

"இந்தாங்கம்மா, ஒங்க சாமான். கொழுந்தோட சேந்து கெடந்துச்சு. பாத்து எடுத்துக்குங்க."

"ஐயோ, நீங்கள் ஏன் பொறுக்கினனீங்கள்? விழுத்தினது நான் அல்லோ?"

"எங்க மலையில விழுந்தா நாங்கதாம்மா பொறுக்கணும். பொறுக்குறதுக்குத்தானே எங்கள வச்சிருக்காங்க" என்றாள் மூத்தவள். எல்லோரும் சிரித்தார்கள். டொக்டர் சிரித்ததாக எனக்கு ஞாபகமில்லை. பிளாஸ்கில் மிச்சமிருந்த தேத்தண்ணியை அந்தப் பெண்களுக்கே ஊற்றிக் கொடுத்தார். தேயிலை பறிக்கிறவர்களுக்கு யாராவது தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவர் தன் சட்டத்தை முழு மனதோடு தளர்த்தியது ஒரே ஒரு தடவைதான். அது இந்தத் தோட்டத்துக்குப் போவதற்கு முந்தி, எண்பத்துமூன்றில் தமிழருக்கு எதிராகக் கலவரம் வந்த ஆடி மாதத்தில்.

அந்த நாட்களில் டொக்டர் எங்கள் வீட்டில் இருந்தார். பரீதாவின் அலுமாரி இருக்கும் அறையில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு. கலவரக்காரர்கள் என் கடையை விட்டுவிட்டார்கள். மேல்மாடியை விடவில்லை. படியேறி வந்தவர்களில் எங்களுக்குத் தெரிந்த முகங்களும் இருந்தன என்று பிறகு கேள்விப்பட்டேன். தெரு அடங்கிய பிறகு மூவரும் போய்ப் பார்த்தோம். பல் பிடுங்கும் கதிரை குப்புறக் கிடந்தது. கண்ணாடி அலுமாரி தூள். கட்டுப்பல் செய்வதற்காக எடுத்து வைத்திருந்த சாந்து அச்சுகள் எல்லாம் படிக்கட்டு நெடுகச் சிதறிக் கிடந்தன. ஹெலிகொப்டரையும் படியில் தூக்கி எறிந்திருந்தார்கள்.

டொக்டர் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார். பிறகு கீழ்ப்படியில் உட்கார்ந்தார். பரீதா கேட்காமலேயே தேத்தண்ணியை ஊற்றி நீட்டினாள். டொக்டர் முழுவதையும் குடித்தார். கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"இது நான் விழுத்தினதில்லை நானா. விழுத்தினவைதான் வந்து பொறுக்கவேணும். ஆனா அவை வரமாட்டினம். அதாலை இண்டைக்கு நீங்கள் ரெண்டுபேரும் வாங்கோ."

மூவரும் பொறுக்கினோம். உடையாத அச்சு ஒவ்வொன்றையும் கையில் எடுத்துத் துடைத்து, பல்லைப் பார்த்தே ஆளைச் சொன்னார். இது பேக்கரிக்காரர். இது தபால் கந்தோர் ஐயா. இது பஸ் கொண்டக்டர். ஓர் அச்சை மட்டும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். யாருடையது என்று சொல்லவில்லை. அதையும் துடைத்து மற்றவற்றோடு அடுக்கினார். அந்த வாய் யாருடையதென்று நானும் கேட்கவில்லை. அடுத்த மாதமே டிஸ்பென்சரி திறந்தது. அதற்கடுத்த மாதம் ஹெலிகொப்டர் மறுபடி வயலில் விழுந்தது. அது விழுந்ததைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது!

யுத்தம் வளர்ந்தது. தெருவுக்குத் தெரு சோதனைச் சாவடி வந்தது. அந்தக் காலத்தில் ஒரு வருடம் மழை பொய்த்து, விக்டோரியா நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றியது. உள்ளே மூழ்கியிருந்த பழைய தெல்தெனிய ஊரின் சுவர்கள் வெளியே தெரிந்தன. வேடிக்கை பார்க்கப் போனவர்கள் வந்து சொன்னதில் டொக்டரின் காதில் ஒரு விஷயம்தான் விழுந்தது.

"சமதரையோ நானா? கண்ணுக்கெட்டின தூரம் மட்டும் சமதரையோ?"

போனோம். வெடித்துக் காய்ந்த சேற்றுத் தரை, பாய் விரித்ததுபோல் கிடந்தது. கண்டிக்காரருக்குச் சமதரையைக் கண்டால் மூளை வேலை செய்யாது. யுத்த காலம், பெரிய அணைக்கட்டுக்குப் பக்கம், கையில் ரேடியோ பெட்டியோடு ஒரு யாழ்ப்பாணத்துப் பெண், காவலுக்கு நிற்பதுபோல் ஒரு வான். இது எப்படித் தெரியும் என்று எங்கள் மூவரில் ஒருவருக்காவது தோன்ற வேண்டாமா? ஹெலிகொப்டர் எழும்பியது, திரும்பியது, மூக்கு அடிபட விழுந்தது. டொக்டர் கோப்பையை வாயில் வைத்தார். அப்போதுதான் அணைக்கட்டுக் காவலர்கள் துவக்குகளோடு ஓடி வருவதைக் கண்டோம்.

அன்று தேத்தண்ணி பாதியில் நின்றது. துண்டுகளை அவர்களே சாக்கில் அள்ளினார்கள். இரவுவரை தனித்தனியாக இருத்தி விசாரித்தார்கள். நானும் பரீதாவும் வாடகை வானோடு வந்தவர்கள், எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று டொக்டர் எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டார். அந்த நாட்களில் அப்படி உள்ளே போன எத்தனையோ பேர் எளிதில் திரும்பி வரவில்லை. டொக்டர் அன்றிரவே வீட்டுக்கு வந்தாரென்றால் அதற்குக் காரணம் கண்டிப் பொலிஸ் இன்ஸ்பெக்டரின் மேல்வரிசைப் பற்கள். அந்தக் கட்டுப்பல் டொக்டர் செய்து கொடுத்தது.

இரண்டு நாள் கழித்து இன்ஸ்பெக்டர் சாதாரண உடுப்பில் என் கடைக்கு வந்து, டொக்டரையும் கீழே வரச்சொல்லி, கதவைச் சாத்திவிட்டுச் சிங்களத்தில் பேசினார்.

"டொக்டர் அம்மா, விமானப்படையிலிருந்து ஓர் அதிகாரி வருகிறார். அவருக்கு முன்னால் நீங்கள் அதைப் பறக்கவிட வேண்டும். அது விழுந்தால் விளையாட்டுச் சாமான் என்று எழுதலாம். நீங்கள் அதைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுபோகலாம். பறந்து ஒழுங்காக இறங்கினால் விளையாட்டுச் சாமான் என்று எழுத முடியாது. அதைப் பறிமுதல் செய்துவிடுவார்கள். உங்களையும் கொழும்புக்குக் கூட்டிப்போய் விசாரிப்பார்கள்."

எனக்கு உயிர் வந்தது. விழுந்தால் போதுமா? அதற்கு டொக்டரைவிட்டால் நாட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

"அப்ப பயமில்ல டொக்டர்" என்றேன். "வழமையாச் செய்றதத்தானே செய்யப்போறீங்க. ஒருக்கா போட்டு விழுத்திட்டு வாங்க."

டொக்டர் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஒரு படி பின்னால் போனேன்.

"நானா, இவ்வளவு வருஷத்திலை நான் ஒருநாளும் வேணுமெண்டு விழுத்தினதில்லை. ஒவ்வொருக்காவும் இறக்கத்தான் பாத்தனான். இண்டைக்கும் இறக்கத்தான் பாப்பன்."

"டொக்டர், இது விளாட்டில்ல. கொழும்புக்குக் கொண்டு போனா..."

"தெரியும். நீங்கள் ஏன் பதறுறியள்? எப்பிடியும் விழும்தானே."

அதுவும் உண்மைதான். இன்ஸ்பெக்டரும் நிம்மதியாகத் தலையாட்டினார். ஒரு மனிதரின் நேர்மையையும் கைராசியின்மையையும் ஒரே நேரத்தில் இவ்வளவு பேர் நம்பியிருந்த சந்தர்ப்பம் வேறு இருக்காது.

பொலிஸ் நிலையத்திலேயே ஒரு மேசையைக் கொடுத்து ஹெலிகொப்டரைத் திருத்தச் சொன்னார்கள். மூக்குப்பக்கம் முழுவதும் போய்விட்டிருந்தது. டொக்டர் முரசுப் பசையைக் குழைத்து, ஓட்டைக்கு மேலும் கீழும் வளைவாகக் கட்டினார். விளிம்பு வெடிப்புகளைப் பல் அடைக்கும் வெள்ளைச் சீமெந்தால் பொட்டுப் பொட்டாக அடைத்தார். காவலுக்கு நின்ற பொலிஸ்காரன் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனான்.

குறித்த நாள் காலை, பொலிஸ் பயிற்சி மைதானம். கண்டியில் இப்படி ஒரு சமதரையை இவர்கள் இவ்வளவு காலம் மதில் போட்டு மறைத்து வைத்திருந்தார்களே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. நடுவே அதிகாரிக்கு ஒரு கதிரை. அவர் நரைக்கத் தொடங்கிய, அதிகம் பேசாத மனிதர். தானும் ஹெலிகொப்டர் ஓட்டுகிறவர் என்று இன்ஸ்பெக்டர் எங்களிடம் மெல்லச் சொன்னார். பரீதா பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு, முக்காட்டுக்குள் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். கிட்டப் போய்க் கேட்டேன். "யா அல்லாஹ், விழுத்திடு. யா அல்லாஹ், கெதியா விழுத்திடு." இறைவனிடம் இப்படி ஒரு துஆ அதற்கு முன் போயிருக்காது.

எஞ்சின் கத்தியது. ஆமணக்கெண்ணெய் வாசத்துக்கு அதிகாரி மூக்கைச் சுளித்தார். ஹெலிகொப்டர் எழும்பி, தலையளவு உயரத்தில் வாலைக் காட்டிக்கொண்டு நின்றது. மலைப்பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. மெல்ல, மிக மெல்ல, அதன் முகம் எங்கள் பக்கம் திரும்பத் தொடங்கியது. எனக்குத் தெரிந்த இடம். பரீதா பிளாஸ்கின் மூடியில் கையை வைத்தாள். முகம் முழுவதும் திரும்பியது. இடப்பக்கம் சரிந்தது.

நிமிர்ந்தது.

வலப்பக்கம் சரிந்தது. நிமிர்ந்தது. எங்களை நேருக்கு நேர் பார்த்தபடி, கயிற்றில் கட்டித் தொங்கவிட்டதுபோல் அசையாமல் நின்றது. நான் டொக்டரைப் பார்த்தேன். குச்சிகளில் அவர் விரல்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை, அவ்வளவு சின்ன அசைவு. நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்த்தது. அந்த முகத்தை நான் முன்பு ஒரு தடவை கண்டிருக்கிறேன், வாயைத் திறந்துகொண்டு, மிகக் கிட்டத்தில்.

ஹெலிகொப்டர் இறங்கியது. தலையளவு, இடுப்பளவு, முழங்கால். நான்கு பிங்பொங் பந்துகளும் ஒன்றாகப் புல்லைத் தொட்டன. சிறகு சுற்றி ஓய்ந்தது.

முதலில் கைதட்டியது யார் தெரியுமா? பரீதா. கண்ணால் நீர் ஓட ஓட, விழுத்திடு என்று கேட்ட அதே வாயால் "அல்ஹம்துலில்லாஹ்!" என்று கத்தினாள். நானும் தட்டினேன். இன்ஸ்பெக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். கொழும்பும் விசாரணையும் எனக்கு அந்த நிமிடம் மறந்தே போயிற்று. அவ்வளவு சந்தோஷம்.

"டொக்டர், எப்பிடி?"

"அது வாயைத் திறந்துகொண்டு என்னைப் பாத்துது நானா" என்றார். அவருக்கே மூச்சு வாங்கியது. "முரசும் பல்லுமாய், கதிரையிலை இருக்கிற ஆள் மாதிரி. அதுக்குப் பிறகு என்ன? அதின்ர இடதுதானே இடது."

விழுந்து விழுந்து ஒட்டியதால் வந்த வாய் அது. அத்தனை விழுகையும் இல்லாவிட்டால் அந்த முகமே அதற்கு இருந்திராது.

அதிகாரி எழும்பி வந்தார். ஹெலிகொப்டருக்குப் பக்கத்தில் குந்தி, ரோசா மூக்கைத் தடவிப் பார்த்தார்.

"ஒரே இடத்தில் அசையாமல் நிறுத்த எனக்கு உண்மை ஹெலிகொப்டரிலேயே எவ்வளவோ காலம் எடுத்தது" என்றார் சிங்களத்தில். பிறகு, "விழுந்திருந்தால் இன்றைக்கே உங்கள் கையில் தந்திருப்பேன். உங்களுக்கு அது தெரியும்தானே?"

"தெரியும்" என்றார் டொக்டர்.

"பிறகு ஏன்?"

"நீங்கள் என்றால் விழுத்துவீர்களா?"

ஜீப்பில் ஏற்றுவதற்கு ஒரு பையன் ஓடி வந்தான். அவனைக் கையால் நிறுத்திவிட்டு, அதிகாரி தானே இரண்டு கையாலும் ஹெலிகொப்டரைத் தூக்கினார். நெஞ்சளவு உயரம் வந்ததும் அது அவர் கையிலிருந்து கீழே விழுந்தது. ஒரு சிறகு முறிந்தது. மூங்கில் கம்பு தெறித்தது. ஒரு பிங்பொங் பந்து உருண்டு உருண்டு போய் இன்ஸ்பெக்டரின் சப்பாத்தில் முட்டி நின்றது.

கை தவறியதா, கையைத் திறந்தாரா? நானும் பரீதாவும் இன்றைக்கும் இதற்குச் சண்டை பிடிக்கிறோம்.

"விழுந்துவிட்டது" என்றார் அதிகாரி.

"ஆமாம் சேர், விழுந்துவிட்டது. எல்லோரும் கண்டோம்" என்றார் இன்ஸ்பெக்டர் அவசரமாக. "விளையாட்டுச் சாமான்தான் சேர். எழுதிவிடட்டுமா?"

அதிகாரி தலையாட்டிவிட்டு, குனிந்து முறிந்த சிறகை எடுக்கப் போனார்.

"நில்லுங்கள்!" என்றார் டொக்டர்.

சிங்களத்தில்தான் சொன்னார், ஆனால் என் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகவே விழுந்தது.

"ஒண்டையும் தொடாதேங்கோ. முதல்லை தேத்தண்ணி."

பரீதா ஊற்றிய கோப்பையை டொக்டர் வாங்கி அவரிடம் நீட்டினார். பொலிஸ்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அதிகாரி வாங்கி, நின்றபடியே, கடைசிச் சொட்டுவரை குடித்தார். கோப்பையைத் திருப்பிக் கொடுத்தபோது, இன்ஸ்பெக்டர் துண்டுகளைப் பொறுக்கக் குனிந்தார். டொக்டர் கையைக் காட்டி அவரையும் நிறுத்தினார்.

"இல்லை. விழுத்தினவர்தான் பொறுக்கவேணும். ஒரு திருகாணி குறையக்கூடாது."

சீருடையோடு அந்த மனிதர் புல்லில் முழங்காலிட்டார். ஒவ்வொரு துண்டாகத் தேடி எடுத்துத் தன் தொப்பிக்குள் போட்டார். டொக்டர் உதவப் போகவில்லை. அதிகாரிக்குப் போட்டிருந்த கதிரையில் போய் உட்கார்ந்து, தனக்கும் ஒரு கோப்பை ஊற்றச் சொல்லி வாங்கி, காலை நீட்டிக்கொண்டு ஆறுதலாகக் குடித்தார்.

அது நல்ல சமதரை. கதிரை கொஞ்சமும் ஆடவில்லை.